தவளைக்கு இரண்டு இருக்கைகள்

வண்டியின் பழைய இருக்கைகளைக் கழற்றிய அன்று கண்ணாடிக்காரனுக்குத் தும்மலும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. உறையைக் கிழித்ததுதான் தாமதம், உள்ளே இருந்த ஸ்பாஞ்ச் மஞ்சள் பொடியாகத் தரையெல்லாம் கொட்டியது. ஒரு கம்பிச்சுருள் விட்டால் போதும் என்று துள்ளி, மாமாவின் சட்டைப் பொத்தானைப் பறித்துக்கொண்டு போனது. முதுகுச் சாய்வைத் தாங்கும் பல்சக்கரமோ வழவழவென்று தேய்ந்திருந்தது. அதனால்தான் வண்டி கொஞ்சம் வேகமெடுத்தாலும் சாய்வு பின்னால் சரிந்து, ஓட்டுகிறவர் சாலையை விட்டுவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

"இதுல உட்கார்ந்தா மாப்ளே நாம இத்தனை நாள் ஊர் சுத்தினோம்?"

"சுத்தினது நீங்க. நான் கண்ணை மூடிக்கிட்டுக் கூட வந்தேன்."

வண்டி ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார். தரையோடு தரையாக இருக்கும். பச்சை நிறம், முன்னால் உப்பி நிற்கும் இரண்டு வட்ட விளக்குகள், துணிக்கூரை. பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னதால் அதற்குத் தவளை என்றே பெயர் நிலைத்துவிட்டது. இருவருக்கு மேல் இடமில்லை. துருப்பிடித்த கூடாக அதை வாங்கியபோதே கண்ணாடிக்காரன் பெயரையும் மாமாவின் பெயரையும் சேர்த்தே பதிந்திருந்தார்கள்.

மாமா என்றால் அக்காவின் கணவர். கணவராக இருந்தவர் என்பதே சரி. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இருவரும் பிரிந்தார்கள். கூச்சல் இல்லை, பாத்திரம் பறக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, மழையில் ஒரே குடையில் நீதிமன்ற வாசல்வரை வந்து, அங்கிருந்து ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள். வீடு, சாமான்கள் எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு செய்தவர்கள் தவளையைப் பற்றிப் பேசவே இல்லை. அது அவர்களுடையது இல்லையே! எனவே ஞாயிறு காலையானால் மாமா வழக்கம்போல நகரத்தின் மறுகோடியிலிருந்து கிளம்பி, கண்ணாடிக்காரனின் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பின்னால் இருக்கும் கொட்டகைக்கு வந்துகொண்டிருந்தார். கண்ணாடிக்காரனும் அவரை மாமா என்றே கூப்பிட்டான். சட்டப்படி அது சரியா என்று அவன் யோசித்ததுண்டு. ஆனால் வாய்க்கு வேறு வார்த்தை வரவில்லை.

இப்படியே எஞ்சின் ஓடத் தொடங்கியது. பிரேக் பிடித்தது. விளக்குகள் எரிந்தன. வண்ணமும் அடித்தாயிற்று. இனி மிச்சம் இருக்கைகள் மட்டுமே. அங்கேதான் கண்ணாடிக்காரனுக்குக் கவலை. மாமா லிஃப்ட் பழுது பார்ப்பவர். பழுது இல்லாத கட்டடத்துக்குள் அவர் கால் வைத்ததாகச் சரித்திரமே இல்லை. விசேஷ வீடுகளுக்குப் போனால்கூட எதையாவது கழற்றி மாட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். தவளையும் முழுசாகிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை எந்தச் சாக்கைச் சொல்லி அவரை வரவழைப்பது? அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அக்காவோடு முதன்முதலாக வீட்டுக்கு வந்து, அவனுடைய ஓட்டை சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, 'பிடி மாப்ளே' என்று திருகுகோலைக் கையில் கொடுத்த மனிதர். அவனுக்கு அவரை விட மனமில்லை. அதை வாய்விட்டுச் சொல்லவும் தெரியவில்லை.

ஆகவே, வாழ்நாளில் ஒரு வாடிக்கையாளரிடமும் பொய் பேசாத கண்ணாடிக்காரன், இருக்கைகளில் குற்றம் கண்டுபிடிக்க ஆரம்பித்தான்.

இருக்கை பார்க்க மாமா ஒரு ஏற்பாடு செய்திருந்தார். ஒவ்வொரு முறையும் வண்டியில் மாட்டிப் பார்ப்பது பெரிய வேலை என்பதால், வண்டியின் ஓட்டுநர் பக்கத் தரை அளவில் மரத்தால் ஒரு சட்டம் அடித்தார். அதில் போல்ட் துளைகள் அச்சு அசலாக இருந்தன. முன்னால் ஒரு ஸ்டீயரிங் வளையம், காலுக்கு மூன்று மரக்கட்டைகள், தலைக்கு மேல் கூரையின் உயரத்தில் ஒரு குறுக்குக்கட்டை. இருக்கையைச் சட்டத்தில் பூட்டிவிட்டு, ஒருவர் மாற்றி ஒருவர் ஒரு தேநீர் குடிக்கும் நேரம் உட்கார வேண்டும். மற்றவர் பக்கத்தில் நின்று கேள்வி கேட்பார். கண்ணாடிக்காரனுக்கு இது பழகிய முறை. கடையிலும் அவன் ஒரு கண்ணை மூடச் சொல்லி, மறு கண்ணால்தானே படிக்கச் சொல்கிறான்!

இருக்கைகள் வந்தது பழைய வண்டிகளை உடைத்து விற்கும் கிடங்கிலிருந்து. அதை நடத்தும் அம்மாள் கையில் உறையும் வாயில் கிண்டலும் இல்லாமல் யாரும் பார்த்ததில்லை. பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டு, அதற்கான பலனை அனுபவித்துக்கொண்டிருந்தார்.

முதல் ஜோடியில் தொடையின் இரு பக்கமும் இருந்த திண்டுகள் கல்லாக இருந்தன. அது உண்மையான குறை. இரண்டாவதில் உட்கார்ந்ததும் மாமாவின் உச்சந்தலை குறுக்குக்கட்டையில் ணங்கென்று மோதியது. அதையும் குறை என்றுதான் சொல்ல வேண்டும். மூன்றாவது ஜோடி சாம்பல் நிறம். உட்கார்ந்தால் தோளை அணைத்துக்கொண்டது, இடுப்பைத் தாங்கியது, எழுந்திருக்க மனசு வராது. கண்ணாடிக்காரன் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்தான்.

"என்ன மாப்ளே?"

"இடுப்புல ஏதோ குத்துது மாமா."

"எனக்குக் குத்தலையே!"

"உங்க இடுப்பு வேற, என் இடுப்பு வேற."

மாமா சாய்வைத் தடவிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், உறைக்குள் கைவிட்டுப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அடுத்த ஞாயிறு வரும்போது ஒரு தைலப் புட்டி வாங்கி வந்து, "சீட்ல ஒண்ணும் இல்ல, உனக்குத்தான் என்னமோ ஆகியிருக்கு. ராத்திரி தேய்ச்சுக்கோ" என்று மேசைமேல் வைத்தார். கண்ணாடிக்காரனுக்கு அந்தப் புட்டியை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சேதி எப்படியோ அக்காவின் காதுக்கு எட்டியது. அக்கா நீச்சல் கற்றுத் தருபவள். குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கேட்கும் குரல். தொலைபேசியிலும் அதே குரல்தான்.

"உனக்கு இடுப்பு வலியாடா?"

"கொஞ்சம்."

"நேத்துத்தான் என் வீட்டு அலமாரியை மாடிக்குத் தூக்கிட்டுப் போனே. அப்ப எங்க போச்சு அந்த இடுப்பு?"

கண்ணாடிக்காரன் தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினான்.

"பொய் சொல்ற மூஞ்சியாடா உனக்கு? அவர் வரணும்னா, வாங்கன்னு சொல்லு."

"உனக்கு ஒண்ணும் இல்லையாக்கா?"

"எனக்கு என்ன? எனக்கும் அவருக்கும் ஒத்து வரல, முடிச்சுக்கிட்டோம். உனக்கும் அவருக்கும் முடிஞ்சுதுன்னு நான் எந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டேன்? ஆள் நல்ல ஆள்தான். வீட்டுல வச்சுக்கத்தான் முடியாது. ராத்திரியில ஃபிரிட்ஜைக் கழட்டிடுவாரு."

சொல்வது எளிது. ஞாயிற்றுக்கிழமை மாமா எதிரில் வந்து நின்றதும் கண்ணாடிக்காரன் திருகுகோலைத் தேடப் போய்விட்டான். 'சும்மா வாங்க' என்று ஆம்பளையை ஆம்பளை எப்படிக் கூப்பிடுவது என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

நான்காவதாகக் கிடங்கில் கிடைத்தது பந்தய வண்டிகளில் வருகிற பக்கெட் சீட் ஜோடி. கறுப்புத் துணி, சிவப்பு நூல் தையல், தோளுக்கு இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி விரிந்த திண்டு. அதைப் பார்த்ததும் மாமாவின் முகம் திருவிழாக் கடையைக் கண்ட பிள்ளையின் முகமாகிவிட்டது. கிடங்குக்கே கொண்டுபோயிருந்த சட்டத்தில் பூட்டி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. வாயால் எஞ்சின் சத்தம்கூடப் போட்டார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு இடுப்பு வலியை வரவழைக்கக் கண்ணாடிக்காரனுக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

"நல்லாயிருக்கு மாமா. இதையே வச்சுக்கலாம்" என்றான்.

"இந்தத் தடவையாவது திரும்பி வராம இருந்தாச் சரி" என்றார் கிடங்கு அம்மாள். "இந்தச் சீட்டுங்க என்னைவிட அதிகமா ஊரைப் பார்த்திருக்கு."

அன்று பிற்பகலே வேலை தொடங்கியது. ஓட்டுநர் பக்க இருக்கை உள்ளே போனது. துளைகள் கச்சிதமாகச் சேர்ந்தன, போல்ட்டுகள் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கின. மாமா சீட்டியடித்தார். அடுத்து இரண்டாவது இருக்கை. அடிப்பாகம் போனது. சாய்வு பாதிவரை போனது. அதற்குமேல் போகவில்லை. கொஞ்சம் திருப்பினார்கள். தள்ளினார்கள். மாமா முழங்காலால் ஒரு முட்டு முட்டினார். பிறகு இருவரும் தள்ளி நின்று பார்த்தார்கள்.

முதல் இருக்கையின் தோள் இறக்கையும் இரண்டாவது இருக்கையின் தோள் இறக்கையும் வண்டியின் நட்டநடுவில் இரண்டு ஆடுகள் போல முட்டிக்கொண்டு நின்றன. இதைக் கதவுப் பக்கம் நகர்த்தினால் கதவைச் சாத்த முடியாது. அதை நகர்த்தினால் போல்ட் சேராது.

மரச்சட்டம் ஓர் இருக்கைக்கு அடித்தது. அதில் ஒருவர் மாற்றி ஒருவர் உட்கார்ந்தார்களே தவிர, பக்கத்தில் இன்னொருவர் இருப்பார் என்ற நினைப்பே இருவருக்கும் வரவில்லை. கண்ணாடிக்காரன் தலையில் கைவைத்துக்கொண்டான். கடையில் ஒவ்வொரு கண்ணாகப் பார்த்து முடித்ததும், 'இப்ப ரெண்டு கண்ணையும் திறந்து படிங்க' என்று சொல்லாமல் அவன் யாரையும் அனுப்பியதில்லை.

மாமா துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த விரல்களை மறுபடி மறுபடி துடைத்தார்.

"சரி விடு மாப்ளே. ஒண்ணு மட்டும் போடுவோம்."

"ஒண்ணா?"

"ஓட்டுறவனுக்கு ஒண்ணு. இன்னொரு பக்கம் சும்மா கிடக்கட்டும். பந்தய வண்டியில அப்படித்தானே. உன் பேருக்கே மாத்தி எழுதிடலாம். நீ ஓட்டு."

"நீங்க?"

மாமா தவளையின் விளக்கைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நானும் எத்தனை நாளைக்கு இப்படி வந்துட்டுப் போறது? உங்க அக்கா என்ன நினைப்பா? எந்த உறவுன்னு வர்றேன், சொல்லு? வேலை இருந்துச்சு, வந்தேன். வேலைதான் முடிஞ்சு போச்சே."

அவன் இத்தனை மாதமாகப் பயந்துகொண்டிருந்தது அதுதான். எதிரில் வந்து நின்றுவிட்டது. இனி பயப்பட ஒன்றும் இல்லை என்று ஆனதும் கண்ணாடிக்காரனுக்கு வாய் திறந்துகொண்டது.

"அந்தச் சாம்பல் சீட் குத்தவே இல்ல மாமா."

"என்னது?"

"நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் பொய் சொன்னேன்."

மாமாவுக்கு மளமளவென்று கோபம் ஏறியது. "அடப்பாவி! அதைத் தலைகீழாக் கவிழ்த்து, டார்ச் அடிச்சு, உள்ள கைவிட்டுத் துழாவினேனே! தைலம் வேற வாங்கிட்டு வந்தேனே!"

"சீட் மாட்டிட்டா அப்புறம் நீங்க வர மாட்டீங்கல்ல. அதுக்காகத்தான்."

மாமா துணியை நான்காக மடித்தார்.

"அக்கா ஒண்ணும் நினைக்கலை. கேட்டாச்சு. உங்களை நல்ல ஆள்னுதான் சொன்னா" என்று கண்ணாடிக்காரன் தொடர்ந்தான். ஃபிரிட்ஜ் சங்கதியை விட்டுவிட்டான். "எனக்கு ஒத்தைச் சீட் வண்டி வேண்டாம் மாமா. ரெண்டு பேர் உட்காருற மாதிரி எது கிடைக்குதோ அது போதும். பார்க்க எப்படியிருந்தாலும் பரவாயில்ல."

மாமா குனிந்து, சற்றுமுன் அவ்வளவு ஆசையாக முறுக்கிய போல்ட்டைக் கழற்றத் தொடங்கினார்.

"பார்த்துக்கிட்டே நிக்கிறியே, அந்தப் பக்கம் பிடி" என்றார்.

கிடங்கு அம்மாள் கறுப்பு இருக்கைகளைப் பார்த்ததும் கையுறையைக் கழற்றி மேசைமேல் எறிந்தார். "வாங்க, வாங்க. இப்ப யாருக்கு என்ன வலி?"

"வலி இல்லீங்க. ரெண்டு பேருக்கும் தோள் இடிக்குது" என்றார் மாமா. "அந்தச் சாம்பல் கலர் ஜோடி இருக்கா?"

"அது போயே போச்சு. நீங்க வேண்டாம்னதை வாங்கினவன் கைகூப்பிக் கும்பிட்டுட்டுப் போனான்."

மாமா திரும்பிக் கண்ணாடிக்காரனை ஒரு பார்வை பார்த்தார். அவன் கிடங்கின் கூரையைப் பார்த்தான்.

இந்த முறை மரச்சட்டத்தை அவர்கள் நாடவில்லை. தவளையின் உள் அகலத்துக்குச் சுண்ணக்கட்டியால் கிடங்குத் தரையில் இரண்டு கோடு கிழித்தார்கள். நடுவில் கியர் தண்டு வரும் மேட்டுக்கு ஒரு பெட்டியை வைத்தார்கள். அந்தக் கோட்டுக்குள் ஜோடி ஜோடியாக இருக்கைகளைப் போட்டு, இருவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒன்றில் மாமாவின் முழங்கை கண்ணாடிக்காரனின் விலாவுக்குள் போனது. ஒன்றில் இருவரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டாத குறையாகத் திரும்ப வேண்டியிருந்தது. கடைசியாக ஒரு மூலையில், சின்ன வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய பழுப்பு நிற ஜோடி அகப்பட்டது. இறக்கை கிடையாது. சிவப்புத் தையல் கிடையாது. ஆனால் பக்கத் திண்டுகள் அளவாக உயர்ந்து வளைவில் ஆளைப் பிடித்துக்கொள்ளும், சாய்வின் பற்கள் கடகடவென்று உறுதியாகப் பூட்டின. மாமாவின் தலைக்கும் இடம் இருந்தது.

இருவரும் உட்கார்ந்தார்கள். தோள்கள் லேசாக உரசின. அவ்வளவுதான்.

"எப்படியிருக்கு?" என்றார் மாமா.

"உங்களுக்கு?"

"நான் முதல்ல கேட்டேன். இந்தத் தடவை நிஜத்தைச் சொல்லு."

"நிஜமாவே நல்லாயிருக்கு."

"இடுப்பு?"

"மாமா!"

கிடங்கு அம்மாள் அந்தப் பக்கமாகப் போனவர், வெறுந்தரையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எதிரிலிருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு பேரையும் கண்டு நின்றார். "வண்டி எப்பங்க கிளம்புது?" என்று கேட்டுவிட்டுத் தன் பாட்டுக்கு நடந்தார்.

மாமா எழுந்திருக்கவில்லை. கைகளை முழங்கால்மேல் வைத்து, உள்ளங்கையை ஒருமுறை விரித்துப் பார்த்தார்.

"இதையும் மாட்டிட்டா, அடுத்த ஞாயிறு வந்து நான் என்ன மாப்ளே பண்றது? கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க எனக்கு வராது."

"சும்மா உட்காருங்க மாமா. அதுக்குத்தானே சீட்டு."

மாமா யோசித்தார். அவருக்கு அது புதிய வேலை. பிறகு சாய்வை இன்னும் ஒரு பல் பின்னால் தள்ளி, தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"சரி. ஆனா வண்டியை நான்தான் ஓட்டுவேன்."