வெள்ளை விரிப்பும் ரோஜா வாசனையும்

என் சிகிச்சை அறை போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கிறது என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சுருக்கென்றது. முத்தியால்பேட்டையில் ஜெராக்ஸ் கடையாக இருந்த இடம் அது. ஒரு டியூப்லைட், பச்சை ரெக்சின் கட்டில், சுவரில் எலும்புக்கூட்டின் படம். பிசியோதெரபிக்கு வருகிறவர் பயந்தால் தசை இறுகும் என்று கல்லூரியில் படித்திருக்கிறேன். ஆனாலும் அறையை மாற்ற எனக்கு ரோஷம்தான் வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிறு முழுக்கக் கைபேசியில் வீடியோ பார்த்தேன். திங்களன்று எலும்புக்கூட்டைக் கழற்றினேன். டியூப்லைட்டை அணைத்துவிட்டு, கட்டிலுக்கு வெள்ளைப் பருத்தி விரிப்புப் போட்டேன். தலைமாட்டில் ஒரு மண்கிண்ணம். கீழே சின்ன மெழுகுவத்தி எரிய, மேலே ரோஜா எண்ணெய் சூடாகி மணக்கும். வாசலில் நின்று பார்த்தபோது எனக்கே படுத்துத் தூங்கலாம் போலிருந்தது.

அதில் முதலில் படுத்தவர் காத்தவராயன். மூடிப்போன மில்லில் தறி ஓட்டியவர். பக்கவாதம் வந்து ஆறு வாரமாகியிருந்தது. வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. சொன்னால் புரியும், திருப்பிச் சொல்லத்தான் வராது. முதல் மூன்று மாதத்தில் மீட்பதுதான் பெரும்பாலும் மீட்பு என்று அவர் மனைவி அஞ்சலாட்சியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். பழைய டியூப்லைட் வெளிச்சத்தில் அவர் நடைபழகும் கம்பியைப் பிடித்து நாலு அடி வைத்திருந்தார்.

புது அறையில் பயிற்சிக்கு முன் இருபது நிமிடம் ஓய்வு என்று வைத்தேன். விழுந்த கால் வெளிப்பக்கம் சாயும். சாயாமலிருக்க மணல்பை வைப்பார்கள், என்னிடம் இல்லை. இரண்டு கால்களின் கட்டைவிரல்களையும் மெத்தென்ற துணிநாடாவால் சேர்த்துக் கட்டினேன். குளிராதிருக்க மார்புவரை வெள்ளைத் துணி. அஞ்சலாட்சி பக்கத்தில் நின்று ஓயாமல் பேசுவார். அமைதி கெடுகிறது என்று, கட்டுவதற்கு முன்பே அவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன்.

முதல் நாளே அவர் கண்ணோரம் நீர் வழிந்தது. இறுக்கம் விட்டால் அழுகை வரும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. துடைத்துவிட்டு, நன்றாக அழுங்கள் ஐயா, பாரம் இறங்கும் என்றேன். நோட்டில் 'நன்கு தளர்ந்துள்ளார்' என்று எழுதினேன்.

ஆனால் கம்பியருகே கொண்டுபோனால் நிற்க மறுத்தார். நாலு அடி மூன்றாகி, இரண்டாகி, ஆறாம் நாள் காலைத் தூக்கவேயில்லை. இந்த மனிதருக்கு எழுந்திருக்கும் எண்ணமே இல்லை என்று சலித்துக்கொண்டேன். ஓய்வு போதவில்லையோ என்று அதை அரைமணி நேரமாக்கினேன்.

எட்டாம் நாள், பிரான்சில் வாழ்க்கைப்பட்ட மகள் தாமரைச்செல்வி வீடியோவில் கூப்பிட்டாள். அப்பா முகத்தைப் பார்க்க வேண்டும் என்றாளாம். அஞ்சலாட்சி கதவைத் திறந்து, போனை முன்னால் நீட்டியபடியே உள்ளே வந்தார். வந்தவர் அப்படியே நின்றார். போனிலிருந்து "அப்பா" என்று ஒரு ஓலம் கிளம்பியது. அவள் அவரை இறந்துவிட்டவராகவே நினைத்தாள். அப்பா உயிரோடுதான் இருக்கிறார் என்று அம்மா சொல்லச் சொல்ல, அவள் கேட்காமல் அழுதாள். அவர் அவ்வளவையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

அஞ்சலாட்சி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நாடாவை அவிழ்க்கக் குனிந்தார். இழுத்த அவசரத்தில் முடிச்சு இறுகியது.

"எங்க தெருவுல யாரு செத்தாலும் கட்ட வெரல கட்டி, தலமாட்டுல வெளக்கு வெக்கிறது இவுருதான். நாப்பது வருசமா செய்யிறாரு. அத உசுரோட இவுருக்கே செஞ்சிட்டியேம்மா."

நானும் இதே ஊர்க்காரிதான். என் அப்பாவுக்கு விரல் கட்டியபோது பக்கத்தில் நின்றவள்தான். வெள்ளைத்துணி, ரோஜா மாலை, விளக்கு எல்லாம் தெரியும். வீடியோ பார்த்த கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல் போயிற்று. பேச்சு போன மனிதர் எட்டு நாளும் கண்ணால் சொன்னதை நான் துடைத்துத் துடைத்து விட்டிருக்கிறேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அதன்பின் அவர்கள் வரவில்லை. பத்து நாள் பொறுத்து நானே வீட்டுக்குப் போனேன். மூன்று மாதம் முடிய இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. அஞ்சலாட்சி திட்டவில்லை. அது திட்டுவதைவிட வலித்தது. கஞ்சியைக்கூடத் துப்பிவிடுகிறார் என்று மட்டும் சொன்னார்.

காத்தவராயன் கட்டிலில் கிடந்தார். மன்னிப்புக் கேட்டேன். விளக்கு இல்லை, கட்டு இல்லை, அம்மா பக்கத்திலேயே இருப்பார், இங்கேயே வந்து நடக்க வைக்கிறேன் என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விழுந்த காலைப் பிடித்துவிடலாம் என்று கால்மாட்டுக்கு நகர்ந்தேன்.

அவருடைய இடக்கால் அசைந்தது. விழுந்த காலைவிட்டு விலகி விலகி, கட்டில் விளிம்புவரை போய் அங்கேயே இருந்துகொண்டது. இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்ட வந்திருக்கிறேன் என்றே அவர் நினைத்தார்.