செவப்பு சீட்டு ஒட்டுன கலப்பைக்கெழங்கு

எங்க வூட்டு மாப்ள பகலவன் இருக்கானே, அவன் என் அண்ணன் புள்ள. பொறந்தப்பவே தூக்குனவ நானு, அதனால வாடா போடான்னு தான் கூப்புடுவேன், யாரும் தப்பா நெனைக்காதீங்க. ஒரகடத்துல கார் பார்ட்ஸ் கம்பெனில சூப்பர்வைசரு. அங்க சொல்லிக் குடுத்துட்டாங்களாம், எந்த சாமானும் அதது எடத்துல தான் இருக்கணும்னு. வூட்டையும் அப்பிடி வச்சிக்கிறவங்களுக்கு போட்டி வேற வச்சிட்டாங்க. முடிஞ்சிது கதை.

மிக்ஸிய சுத்தி மஞ்சா டேப்பு. கரண்டி மாட்ற எடத்துல செவுத்துல கரண்டி படம். ரூமுலேர்ந்து பாத்ரூமுக்கு ரெண்டு மஞ்சா கோடு, அதுக்குள்ளாற தான் நடக்கணுமாம். அவசரத்துக்கு குறுக்க போனா, "அத்தே, லைன் தாண்டாதீங்க"ன்றான். நான் இன்னாடா லாரியா?

அத வுடுங்க. செவப்பு சீட்டுன்னு ஒண்ணு வச்சிகினு கீறான் பாருங்க, அது தான் கொடும. எது சும்மா கெடக்குதோ அதுல ஒட்டி, காரணத்தையும் எழுதிடுவான். ஒட்டுனா ஒட்டுனது தான், அப்பறம் யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது. ஞாயித்துக்கெழம பழைய சாமான் எடுக்குற கொம்பையா வந்து மீன்பாடி வண்டில ஏத்திகினு பூடுவாரு. தையல் மிஷினு போச்சு. எம்பொண்ணு பிரவீனா கல்யாணத்துக்கு வந்த குக்கருங்க போச்சு. சரி போவட்டும்னு இருந்தேன்.

கடைசில என் கலப்பைக்கெழங்குல கைய வச்சான்.

காம்பவுண்டு ஓரமா வச்சிருக்கேன். செங்காந்தள்னு சொல்லுவாங்களே, அதே தான். ஆடில மொளைக்கும், எல நுனிய சுருட்டி சுருட்டி குச்சிய புடிச்சிகினு ஏறும். கார்த்திகைல பூத்துதுன்னா நெருப்பு தான்! தெருல திரும்பற கம்பெனி பஸ்ஸு கூட ஸ்லோ பண்ணிட்டு தான் போவும். தை பொறந்தா கொடி காஞ்சி வுழுந்துடும், கெழங்கு மண்ணுக்குள்ள தூங்கும். அப்ப தண்ணி ஊத்தக் கூடாது, அழுவிடும். நோண்டவும் கூடாது, லேசா பட்டாலும் ஒடைஞ்சிடும். வெசம் வேற. வருசம் பூரா அந்தப் பூவுக்காவ காத்துகினு கெடக்கறவ நானு.

பங்குனில இவன் வந்து நிக்கறான். மண்ணுல ஸ்க்ரூடிரைவர் நுனிய வச்சான், பிடில காத வச்சான். மெஷினுக்கு அப்பிடி தான் பாப்பாங்களாம்.

"சத்தமே இல்ல அத்தே. ஸ்கிராப்பு."

"தூங்குதுடா."

"தூங்குதா? எங்க கம்பெனில தூங்குனா மெமோ."

குச்சில சீட்ட ஒட்டிட்டான். 'காரணம்: அசையல, வேல செய்யல.' ஞாயித்துக்கெழம காலைல கொம்பையா தோண்டிப் போட்டுடுவாராம், அப்பறம் போட்டி பாக்க அவங்க மேனேஜரு விஜயராகவன் சாரு வருவாராம்.

ஞாயிறும் வந்துது. பிரவீனா அவ வேலைல ஓவர்டைமுக்கு பூட்டா. இவன் நைட் ஷிஃப்ட் முடிச்சி வந்து கயித்துக் கட்டில்ல வுழுந்தான். குறட்ட கூட வுடமாட்டான், பொணம் மாதிரி தூங்குவான். நான் ஸ்க்ரூடிரைவர எடுத்தேன். கட்டில் சட்டத்துல நுனிய வச்சேன், பிடில காத வச்சேன்.

சத்தமே இல்ல.

குச்சில இருந்த சீட்ட பிச்சி அவன் நெத்தில ஒட்டிட்டேன்.

கொம்பையா கடப்பாரையோட வந்தாரு. தின்னவேலி பக்கத்து ஆளு. நெத்தியப் பாத்து தல சொறிஞ்சாரு. "யம்மா, இதையுமா ஏத்தணும்?"

"சீட்டு ஒட்டிகீது இல்ல? நீ என்னிக்கி கேள்வி கேட்ட?"

"அதுவும் சரிதாம்லா"ன்னு ஆள கூட்டியாந்து கட்டிலோட தூக்கி வண்டில வச்சாரு. ஓட்ட பக்கெட்டு பக்கத்துல மாப்ள. முழிக்கவே இல்லீங்க!

வண்டி கேட்டாண்ட போவும்போது விஜயராகவன் சாரு கார்லேர்ந்து எறங்கறாரு. மூக்குக் கண்ணாடிய ஏத்திவுட்டுகினு சீட்ட சத்தமா படிச்சாரு. "அசையல, வேல செய்யல. கரெக்டா தான் எழுதிருக்காங்க. அப்ரூவ்டு."

மேனேஜரு கொரல் காதுல வுழுந்ததும் நம்மாளு பதறி எழுந்தான். "சார்! நான் நைட் ஷிஃப்ட் சார்! சாயங்காலம் ஆனா தானா எந்திரிப்பேன் சார்!"

"அதே தான்டா அதுவும் சொல்லுது"ன்னேன். "ஆடி வந்தா தானா எந்திரிக்கும். அதுக்கு மட்டும் கடப்பாரையா?"

சாரு என்னப் பாத்தாரு, வெறும் மண்ணப் பாத்தாரு. "மூணு ஷிஃப்ட் ஓட்ற கம்பெனி நாம. ரெஸ்ட்ல இருக்கறத ஸ்கிராப்புன்னு எழுதலாமாய்யா?"ன்னு கேட்டாரு. கொம்பையா கடப்பாரைய கீழ போட்டாரு. ஆனா கட்டில மட்டும் எறக்க மாட்டேன்னுட்டாரு, ஏத்துனது ஏத்துனது தானாம்.

ப்ரைஸு தண்டலத்துல எவனுக்கோ பூடுச்சு. பகலவன் ஒரு வாரம் தரைல பாய் போட்டு தான் படுத்தான். எட்டாவது நாளு பாத்தா கெழங்க சுத்தி மஞ்சா கோடு, நடுவுல பலக: 'நைட் ஷிஃப்ட். எழுப்பாதீர்.'

ஆடில மொளைச்சிது. இப்ப கோட்டத் தாண்டி, கரண்டி மாட்ற ஆணி வரைக்கும் ஜன்னல் வழியா எலய சுருட்டிகினு வந்துடுச்சு.

"அத்தே, லைன் தாண்டுது"ன்றான்.

மெமோ குடுடான்னேன்.