மல்லிகைப்பூ போன்ற சோறு: ஒரு நேரடி விசாரணை

எங்கள் வகுப்பில் எல்லோர் வீட்டுச் சோறும் மல்லிகைப்பூ போலத்தான் இருக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து அப்படித்தான் எழுதிப் பழகியிருக்கிறோம். தமிழ்ப் பேராசிரியர் சகாயராணி என் கட்டுரையில் அந்த வரிக்குக் கீழே சிவப்பு மையில் ஒரே கேள்வி எழுதியிருந்தார்: ‘ஒப்பிட்டுப் பார்த்தாயா?’ பத்துக்கு மூன்று. இன்டர்னலில் ஆறு வாங்காவிட்டால் அடுத்த ஆண்டு ஜூனியர்களோடு உட்கார்ந்து இதே பாடத்தைப் படிக்க வேண்டும். இன்னொரு வாய்ப்பு கேட்டேன். கொடுத்தார். அந்தக் கேள்விக்கு நானே விடை தேடி ஒரே பத்தியில் எழுத வேண்டும். முதல் வரியிலேயே விஷயம் தெரிய வேண்டும். ஓர் அணியாவது இருக்க வேண்டும்.

வகுப்புத் தோழி இளவேனிலின் அப்பாவுக்கு மண்ணச்சநல்லூரில் அரிசி மில். ‘மல்லிகைப்பூ போன்ற சாதம்’ என்று மூட்டையிலேயே அச்சடித்து விற்கிறார்கள். ஆராய்ச்சிக்கு என்றதும் பெருமையாக ஒரு டிபன் கேரியர் சோறு கொண்டுவந்தாள். நான் ஸ்ரீரங்கத்தில் இரண்டு முழம் மல்லிகை வாங்கிவந்தேன். மதிய இடைவேளையில் இரண்டையும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம்.

நிறத்தில் பூ ஜெயித்தது. மணத்தில் போட்டியே இல்லை. காலையிலிருந்து மூடிக் கிடந்த சோறு, கேரியரின் உருவத்திலேயே ஒரே கட்டியாக வெளியே வந்தது. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். ஆதாரத்தைச் சாப்பிடக் கூடாது என்று நான் தடுத்துவிட்டதால் இருவரும் பட்டினி.

“மூட்டையில போட்டதே பொய்னு எழுதப் போறியாடா? எங்கப்பா படிச்சா என்ன நினைப்பாரு?” என்றாள். விசாரணை என்று வந்துவிட்டால் யார் அப்பாவையும் பார்க்க முடியாது என்று விளக்கினேன். அந்த விளக்கம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த பீரியடில் எழுந்து நின்று வாசித்தேன். ‘இளவேனில் வீட்டுச் சோறு மல்லிகைப்பூ போல இல்லை’ என்பது முதல் வரி. அதன் பிறகு ஆறு வரி ஆதாரம். பேராசிரியர் கடைசிவரை தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

“எல்லாம் சரிப்பா. அணி எங்கே?”

இருந்த ஒரே உவமையையும் பொய்யென்று நானே நிரூபித்திருந்தேன். ஜூனியர்களின் முகங்கள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. உதவிக்கு இளவேனிலைப் பார்த்தேன். கன்னம் உப்பி, மூக்கு விடைத்து உட்கார்ந்திருந்தாள்.

“இளவேனில் மூணாவது விசிலுக்குக் காத்திருக்கிற குக்கர் மாதிரி இருக்கா மேம்.”

நாற்பது பேரும் திரும்பி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவள் முறைத்தாள், உதட்டைக் கடித்து அடக்கினாள். முடியவில்லை. மூக்கு வழியாக முதலில் காற்று வந்தது. பிறகு பெஞ்சே அதிரும்படி சிரித்தாள். பேராசிரியர் ஏழு போட்டார்.

வகுப்பு முடிந்ததும் இளவேனில் கேரியரின் அடி அடுக்கைத் திறந்தாள். வத்தக்குழம்பு. கட்டியை உடைத்துப் பிசைந்து எல்லோருக்கும் உருட்டிக் கொடுத்தாள், பேராசிரியருக்கும் சேர்த்து. நானும் கையை நீட்டினேன். என் கையில் மட்டும் ஒரு முழம் பூவை வைத்தாள்.

“இதுதானே ஜெயிச்சுது? சாப்பிடு.”