வேர் விட்ட படம்

புற்றுநோயால் ஒரு மார்பை எடுத்துவிட்டு நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் இராகுலன் என்னைப் பார்ப்பதில்லை. கவனிப்பார். மருந்தும் கஞ்சியும் நேரத்துக்கு வரும். நான் உடுப்பு மாற்றினால் மட்டும் விறாந்தைக்குப் போய்விடுவார். தாலி கட்டின மனுசன் வேற்று ஆள்போல நடந்துகொள்வது எனக்கு நோயைவிட அலுப்பாக இருந்தது. ஒரு தரமாவது என்னைப் பாருங்கோ என்று வாயால் கேட்கவும் ஏலவில்லை.

அதனால் படமாக்கினேன். ஸ்ரூடியோவில் மற்றவர்களின் முகப்பருவைக் கம்ப்யூட்டரில் அழிப்பதுதான் என் வேலை. வீட்டில் கமராவை அலுமாரிமேல் வைத்து என்னையே எடுத்தேன். மொட்டைத் தலை, சேலை விலகிய தோள், கமக்கட்டிலிருந்து இறங்கும் தழும்பு. துறைமுகக் கரையில் உப்புத் தண்ணீருக்குள் வேரூன்றி நிற்கும் கண்டல் மரத்தையும் படமெடுத்துவந்து, அதன் வேர்களை என் கால்களில் பொருத்தினேன். தலையில் மயிருக்குப் பதில் அதன் இலை. ஊரார் எத்தனை தரம் வெட்டியும் அந்தக் கண்டல் தளிர்க்கச் சளைக்கவில்லை. நான் சளைத்துப்போனேன்.

கறுப்பு வெள்ளையாக்கி, சுற்றிவர இலை வைத்து, பேஸ்புக்கில் போட்டேன். அங்கேதான் புத்தி மழுங்கியது. கறுப்பு வெள்ளை முகமும் சுற்றிவர இலையும் எங்கள் ஊரில் ஒன்றைத்தான் சொல்லும். ஸ்ரூடியோவில் மாதம் முழுக்கக் கண்ணீர் அஞ்சலிப் பதாகையும் செய்கிற எனக்கே அது உறைக்கவில்லை. கனடாவிலிருக்கும் மச்சாள் நிவேதிகா "ஓம் சாந்தி" என்று தொடக்கிவைத்தாள். பிறகு கேட்கவேண்டுமா? கல்யாண வீட்டில் என் நிறத்தைப் பழித்த மாமிகூடத் "தங்கமான பிள்ளை" என்று எழுதியிருந்தா.

இதொன்றும் தெரியாமல் நான் போனை அறையில் சார்ஜில் போட்டுவிட்டுக் குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மோட்டார்சைக்கிள் விழுந்த சத்தம் கேட்டது. வேலைச் சட்டையோடு இராகுலன் வாசலில் நின்றார். நிவேதிகா அவருக்கும் கோல் எடுத்து, நான் செத்துப்போனதாக அழுதழுது சொன்னாளாம்.

"உயிரோடதான் இருக்கிறன்," என்றேன்.

கதிரையில் தொப்பென்று இருந்தார். மூச்சு வாங்கியது. பிறகு தன் போனில் அந்தப் படத்தைத் திறந்து, விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். வேர், இலை, தோள். தழும்பில் விரல் நின்றது.

"வேரெல்லாம் அசல் மாதிரிக் கிடக்கு. ஆனா இந்தத் தழும்பை ஏன் இவ்வளவு பெரிசாச் செய்தனீர்?"

கோபிக்கவும் எனக்குத் தெம்பில்லை. மனுசன் தெரியாமல்தான் கேட்டார்.

"அது நான் செய்யேல்லை. அதிலை மட்டும்தான் கை வைக்கேல்லை."

அவர் போனை மேசையில் வைத்தார்.

"அதைக் காட்டும்," என்றார்.

எனக்கு வலக்கை இன்னும் சரிவரவில்லை. என் சட்டைப் பொத்தான்களை அவர்தான் கழற்றினார்.