பரவாயில்லை என்ற கடவுச்சொல்

1

இந்தக் கதை எங்கள் அடுக்ககத்தின் பொதுச் சவுனாவில், அதாவது சூட்டில் வியர்க்க உட்காரும் மர அறையில், பிறந்தது. எல்லோரும் கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்திருந்தோம். வழக்கமாக அந்தத் தொப்பி காதைச் சூட்டிலிருந்து காப்பதற்கு. அன்று குளிருக்கு. குளிருகிறது என்று யாரும் சொல்லவில்லை.

முதல் வரி: 'பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஜனவரி' – வேண்டாம். பின்லாந்தின் ஊலுவில் பனி கொட்டாத ஜனவரி இருந்தால்தான் செய்தி.

2

நாயகி தூலிக்கி. எங்கள் கட்டடத்தின் வெப்பம், காற்று, கதவு எல்லாவற்றையும் அலுவலகத்திலிருந்தே கணினியில் இயக்குபவள். யாரோ வெளியிலிருந்து அதற்குள் நுழைந்து, சூட்டை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதைக் கண்டுபிடித்தாள். ஊடுருவலைக் கண்டுபிடிக்கவென்றே வாங்கிய காவல் மென்பொருளோ பச்சை விளக்கு காட்டிக்கொண்டிருந்தது. அவள் சூட்டை ஏற்றியதும் சிவப்புக்கு மாறியது.

(இங்கே ஒரு விளக்கம், மன்னிக்கவும். அந்த மென்பொருள் முதலில் சில வாரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்து, எது வழக்கம் என்று கற்றுக்கொள்ளும். அந்த வாரங்களிலேயே திருடன் உள்ளே இருந்தான். திருடன் கையால் சோறு தின்று வளர்ந்த நாய் வீட்டுக்காரியைப் பார்த்துக் குரைக்கிறது.)

3

அவளுடைய மேலாளர் ரெய்யோவை முதலில் முட்டாளாக எழுதினேன். அடித்துவிட்டேன். அவர் நியாயமானவர், அதுதான் தொல்லை.

"உள்ள நுழைஞ்சது நீதான்னு திரை காட்டுது, தூலிக்கி."

"திரை தப்பாப் படிச்சிருக்கு."

"சரி. குளிருதுன்னு அங்க யாராச்சும் ஒரு வார்த்தை சொன்னாங்களா?"

"அவங்க சொல்ல மாட்டாங்க ரெய்யோ. நீ சொல்லுவியா?"

ரெய்யோ யோசித்தார். "மாட்டேன். ஆனா சாயங்காலத்துக்குள்ள ஒரு புகாராவது வரணும். இல்லன்னா உன் கணினி அனுமதிய நிறுத்திடுவேன்."

அனுமதி போனால் சூட்டை ஏற்ற ஆளில்லை. குழாய்களில் தண்ணீர் உறைந்து வெடிக்கும். பழி அவள் தலையில் விழும்.

4

பெண்களுக்கு ஒதுக்கிய நேரத்தில் தூலிக்கி சவுனாவுக்கே வந்துவிட்டாள். உட்காரும் மேல்பலகையில் மூன்றாம் மாடி ஹில்க்கா, காலில் கம்பளிக் காலுறை.

"குளிருதா, ஹில்க்கா?"

"அப்படியொண்ணும் இல்ல."

"சவுனாவுல காலுறையா?"

"புதுசு. போட்டுப் பாத்தேன்."

"பல்லு தந்தியடிக்குதே."

"பரவாயில்ல. பழைய பல்லு."

(முடிவு ஒன்று: ஹில்க்கா உடைந்து அழுது புகார் சொல்கிறார் – கணவரின் இறுதிச் சடங்கிலேயே அழாமல், காபி ஆறிவிடும் என்று கவலைப்பட்டவர். நம்ப மாட்டீர்கள்.

முடிவு இரண்டு: திருடன் பிடிபடுகிறான். அவன் யாரென்று எனக்கே தெரியாது.)

5

ஆகவே மேல்பலகையில் ஹில்க்காவுக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக வைத்திருந்தேன். அங்கே நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். தூலிக்கி உங்கள் பக்கம் திரும்புகிறாள்.

"உங்களுக்கு எப்படி?"

உங்கள் ஒரு புகாரில் அவள் பிழைக்க வேண்டுமென்று எனக்கு உண்மையிலேயே ஆசை. பயமாகவும் இருக்கிறது. பாதியில் நின்ற வரி, எழுதி அடித்துவிட்ட மேலாளர், முடியாத முடிவுகள் எல்லாவற்றையும் பார்த்தும், பரவாயில்லை என்றுதானே இதுவரை படித்துவந்திருக்கிறீர்கள்.