மாவு வாளி

புதுப்பட்டினத்தை ஒட்டிய அந்தக் காலனியில் ஒயின்ஷாப்பை மூட வைத்தவர்கள் பெண்கள்தான். கொளுத்தும் வெயிலில் கடை வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். போலீஸ் இழுத்தபோது சரோஜாவும் ஜாக்குலினும் ஒருவர் இடுப்பை ஒருவர் கட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தார்கள். கடை போனது. இனி ஊருக்குள் பாட்டில் கொண்டுவந்து விற்றால் கேஸ். பஸ் நிற்கும் இடத்தில் பெண்கள் முறை வைத்து நின்று, இறங்கும் ஆண்களின் பைகளைத் திறந்து பார்த்தார்கள். போராட்டத்தில் உட்கார்ந்தவளின் பையை மட்டும் யாரும் தொடுவதில்லை. அது அவளுக்குக் கொடுத்த மரியாதை.

சரோஜாவின் புருஷன் வரதனுக்கு ஈரல் கெட்டிருந்தது. இனி ஒரு சொட்டு கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவனும் தேறிக்கொண்டுதான் வந்தான். அன்று கட்டிலுக்கடியில் பெருக்கும்போது ஒரு குவாட்டர் பாட்டில் உருண்டு வந்தது. அதன் கழுத்தில் காய்ந்துபோன இட்லி மாவு.

டவுனில் மாவு வாங்கிவந்து விற்பவள் ஊரில் ஒருத்திதான்.

பஸ் நிற்கும் இடத்தில் அன்று சரோஜாவின் முறை. ஜாக்குலின் மாவு வாளியோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள்.

“இன்னாக்கா, மூஞ்சி தொங்கிப் போய்க் கீது? நாஸ்தா துன்னலியா?”

சரோஜா வாளியைத் தன் பக்கம் இழுத்தாள். மூடியைத் திறந்து, முழங்கை வரை மாவுக்குள் கையை விட்டாள். பாலிதீனில் சுற்றிய பாட்டில் ஒன்று வந்தது. துழாவினால் இன்னும் தட்டுப்பட்டது.

“ஏன்டி ஜாக்கு, எம் புருஷனுக்கே குடுத்தியா?”

“அவருதான் கேட்டாரு. நான் இல்லன்னா இன்னொர்த்தி கொண்டாருவா.”

“ஒன்னா குந்திகினு அடி வாங்கினமேடி!”

“கடைய மூடினப்புறந்தானக்கா ஏவாரமே.” ஜாக்குலின் குரலைத் தாழ்த்தினாள். “நீ நிக்கிற நாளா பாத்துதான் எடுத்தாருவேன். நீ என் வாளியத் தொறக்கமாட்டல்ல.”

சரோஜா போனை எடுத்தாள்.

“அக்கா, வெளையாடாத! கேஸ் போட்டா உள்ளதான். பொண்ணு காலேஜ் போய்கினு கீதுக்கா…”

ஜீப் வந்து, ஜாக்குலினையும் வாளியையும் ஏற்றிக்கொண்டு போகும்வரை சரோஜா கையிலிருந்த மாவைக் கழுவாமல் நின்றாள்.

அவள் வருமுன்பே சேதி வீட்டுக்கு வந்துவிட்டது. வரதன் வாசலிலேயே மறித்தான்.

“கூட குந்தினவளயே புடிச்சிக் குடுத்துட்டு வர்றியா? த்தூ! துரோகி!”

“யாருக்காகய்யா குடுத்தேன்?”

“எனுக்கு இன்னா தெரியும்? நானா உன்னக் கேட்டேன்?”

“எங்கிட்ட எங்க கேட்ட?” சரோஜா அவனை ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள். “அவகிட்டதான கேட்ட.”