பேய் கேட்ட படையல்

கண்ணாத்தாளின் தலைவலிக்கு என்ன காரணம் என்று கண்ணாத்தாளுக்குத் தெரியும். மற்றவர்கள்தான் ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

திருமயத்தில் பஸ் நிற்கும் இடத்தை ஒட்டி அவள் புருஷன் சோலையப்பனுக்கு இட்லிக்கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. முதல் பஸ் ஐந்து மணிக்கு. பத்து மணி வரை மாவாட்டிவிட்டுப் படுப்பவள் மூன்று மணிக்கு எழுந்து அடுப்புப் பற்ற வைக்க வேண்டும். ஒன்பது வருஷமாக இதுதான் பிழைப்பு. தூக்கம் குறைந்து, அதோடு மாமியார் உண்ணாமலையின் வசவும் சேர்ந்துகொண்டால் போதும், வலது கண்ணில் மின்மினி பறக்கும். அடுத்து வலது பொட்டில் உலக்கை இறங்கும். வெளிச்சம் ஆகாது, குடித்த தண்ணீர் தங்காது. அரிமளத்தில் பிறந்த வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் தூங்கினால் ஒரு நாள்கூட வராது. இதைக் கண்டுபிடிக்க டாக்டருக்குப் படிக்க வேண்டுமா?

படித்தவரும் அதையேதான் சொன்னார். "நல்லாத் தூங்க விடுங்க, மனசு நோகப் பேசாதீங்க" என்றார் சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டர்.

சோலையப்பன் வெளியே வந்து சிரித்தான். "மொத பஸ்ஸுக்கு அவரா இட்லி அவிப்பாரு?"

உண்ணாமலைக்கு வேறு கணக்கு. "பொறந்த வீட்டுல வராத வலி இங்கிட்டு மட்டும் எப்புடி வரும்? வார வழியில புளியமரத்துல என்னமோ தொத்திக்கிட்டு வந்திருக்கு."

கோடாங்கி மலையாண்டி வந்து உடுக்கையடித்துக் குறி சொன்னான். பிடித்தது வாய் திறக்கும்வரை அவள் கண் அசரக் கூடாதாம். மூன்றாம் நாள் உச்சிக்குள் பேசாவிட்டால் கம்பியைக் காய்ச்சிப் பொட்டில் இழுக்க வேண்டுமாம்.

தூங்காமல் வந்த நோய்க்குத் தூங்காமல் கிடப்பதே மருந்தாம்! கொள்ளிக்கட்டையை எடுத்துத் தலையைச் சொறிகிற புத்தி. இரண்டு நாள் அவள் தலை சாயும்போதெல்லாம் உண்ணாமலை முகத்தில் தண்ணீர் அடித்தாள். வலியில் கண்ணாத்தாளுக்கு மண்டை பிளந்தது. அந்த வலியைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது.

மூன்றாம் நாள் உச்சிப்பொழுது. அடுப்பில் கம்பி சிவந்துகொண்டிருந்தது. "என்ன படையல் வேணும்? சேவலா, சுருட்டா?" என்று மலையாண்டி அதட்டினான். சோலையப்பன் துண்டை இடுப்பில் கட்டிக் கைகூப்பி நின்றான். ஒன்பது வருஷத்தில் அவள் பேச்சைக் கேட்க ஒரு நாளாவது இப்படி நின்றிருக்கிறானா? பேய்க்கு உள்ள மரியாதை பெண்டாட்டிக்கு இல்லை.

"தூக்கம் வேணும்" என்றாள்.

உடுக்கை நின்றது.

"இவ விடியிற வரைக்கும் தூங்கணும். இவளை யாரும் வையக் கூடாது. மூணு மணிக்கு அடுப்பை நீ பத்த வைடா, சோலையப்பா!"

வேடிக்கை பார்க்க வந்திருந்த அக்கம்பக்கத்துப் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். புருஷன் பேரைச் சொல்வது எந்த வீட்டில் உண்டு? ரேஷன் கார்டுக்குப் பேர் கேட்டபோதுகூடப் பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்லச் சொன்னவள் அவள்.

"ஆத்தாடி, பேரச் சொல்லிட்டாளே! இது நம்ம கண்ணாத்தா இல்ல சாமி!" என்று உண்ணாமலை நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

"எத்தனை நாளைக்குங்க?" என்றான் சோலையப்பன், கூப்பிய கையை இறக்காமல்.

"இவ உசுரோட இருக்குற வரைக்கும்."

சூடம் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தார்கள். கம்பி அடுப்பிலேயே ஆறியது.

ஒரு மாதம் அவள் விடியும்வரை தூங்கினாள். வலி எட்டிப் பார்க்கவில்லை. மலையாண்டிக்குச் சேவலும் வேட்டியும் போயின. டாக்டர் சொன்னதை யாரும் நினைக்கவில்லை, அதையே அவள் முன்பு சொன்னபோது யாரும் காதில் வாங்கியதுமில்லை. மலையாண்டியின் புகழைக் கேட்கக் கேட்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு சாயங்காலம் அவள் மாவாட்டிக்கொண்டிருந்தபோது உண்ணாமலை மெல்ல ஆரம்பித்தாள். "அதான் போயிருச்சே. நாளையிலருந்து மூணு மணிக்கு எந்திரிச்சா என்ன, கொறஞ்சா போயிருவ?"

கண்ணாத்தாள் குழவியை நிறுத்தினாள். மாமியாரைக் கண் இமைக்காமல் பார்த்தாள். பிறகு கடைப்பக்கம் திரும்பி, அடித்தொண்டையில் கூப்பிட்டாள்.

"டேய், சோலையப்பா!"

"இந்தா வந்துட்டேங்க!" என்று கடையிலிருந்து ஓடி வந்தான் சோலையப்பன்.